தாய்மாமனைக் கேட்டு என்ன பயன்?

இந்த விஷயத்தில் என் ரத்தத்துக்கு எந்த வேலையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹீமோஃபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், கிடையாது. ஐம்பதைத் தாண்டியாயிற்று. பல் பிடுங்கியிருக்கிறேன், குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறேன், சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவையில் முழங்காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ரத்தம் நிற்க வேண்டிய நேரத்தில் நின்றிருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் ஓடும் கடுமையான வகை அதில் இருந்திருந்தால் உடம்பு எப்போதோ காட்டிக்கொடுத்திருக்கும். காட்டிக்கொடுக்கவில்லை, ஆகவே என்னிடம் அது இல்லை. என் பிள்ளைகளுக்கும் என் வழியாகப் போகாது. அப்படியிருந்தும், எங்கள் வீட்டில் யார் மரபணுப் பரிசோதனை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எடுத்தால் யாரிடம் சொல்லலாம் என்று முடிவு சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் தாய்மாமன். அது போதுமாம்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மகள், இளையவன் மகன். மகனுக்குக் கடுமையான ஹீமோஃபீலியா ஏ. ரத்தம் உறையத் தேவைப்படும் எட்டாம் காரணி அவன் உடம்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தவழத் தொடங்கிய மாதத்தில் முழங்காலிலும் விலா ஓரத்திலும் நீலத் திட்டுகள் வந்தன. குழந்தையை யாராவது அடிக்கிறார்களா என்ற கேள்வியோடு எங்களைப் பார்த்த கண்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. சமையலறை மேசையில் அவனை உட்கார வைத்து, நரம்பு தேடி மருந்து ஏற்ற அக்கா கற்றுக்கொண்டாள். வாரத்துக்கு மூன்று முறை. இன்று அவனுக்கு 22 வயது. இப்போது எமிசிசுமாப் என்ற மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் அவனே போட்டுக்கொள்கிறான். நீந்துகிறான், வேலைக்குப் போகிறான். சிறு வயதில் அடிக்கடி ரத்தம் கசிந்த ஒரு கணுக்கால் மட்டும் மழை நாளில் வலிக்கிறது என்பான்.

அவன் அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அவள் தன் அம்மாவிடம் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னால் கேரியர் டெஸ்ட் எடுக்கப் போகிறேன்." நோயின் மரபணுவைச் சுமப்பவளா என்று பார்க்கும் பரிசோதனை அது. அக்காவின் பதில்: "முதலில் தாலி ஏறட்டும்."

அந்தப் பதில்தான் பல மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அக்காவைக் கொடியவளாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அவள் கணக்கு வேறு. பரிசோதனை எடுத்து, 'இருக்கிறது' என்று வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏமாற்றியதாக ஆகும். எடுக்கவே இல்லையென்றால்? தெரியாத ஒன்றை யாரும் மறைக்க முடியாது. தம்பிக்கு நோய் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது, கணக்கு சரி. அறியாமையை இப்படி நேர்மையாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் எங்கள் அக்காவிடம் மட்டும் இருப்பதல்ல. பேசிப் பார்த்தவரை, பெண்ணைப் பெற்ற பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆண்பிள்ளையைப் பெற்ற மீதிப் பேர், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருக்கிறார்கள்.

ஜாதகம் பார்த்தீர்களே, ரத்தம் பார்க்க மாட்டீர்களா என்று இங்கே வழக்கமாக ஒரு குத்தல் வரும். அந்தக் குத்தல் எனக்குச் சலித்துவிட்டது. ஜாதகத்தைப் பயமில்லாமல் பார்க்கிறோம் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு: தோஷம் என்று சொன்னால் அதே மூச்சில் பரிகாரமும் சொல்வார்கள். இன்ன கோயில், இன்ன கிழமை, இத்தனை விளக்கு. மரபணுப் பரிசோதனை என்றதும் எங்கள் வீட்டார் மனத்தில் வந்தது பரிகாரமே இல்லாத தோஷம். பெண்ணின் நெற்றியில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். அந்தப் பரிசோதனையால் பெண்ணுக்கே ஏதாவது பயன் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. பிறக்கப்போகும் ஆண்பிள்ளையைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

வெற்றுச் சதுரம்

கடைசியில் அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்: "மாமாவையும் கூட்டிக்கொண்டு போ." என்னை எதற்காக அனுப்பினாள் என்பது புரிந்தது. காவலுக்கு. அக்கா மகளுக்கு 28 வயது. என்னைவிட ஆங்கிலமும் அறிவியலும் கூடுதலாகத் தெரியும். காவல் என்ற சொல்லைக் கேட்டால் சிரித்திருப்பாள். "நீங்களும் வாருங்கள் மாமா, உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்" என்று மட்டும் சொன்னாள்.

மரபணு ஆலோசகர் சின்ன வயதுப் பெண்மணி. ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தை வரையத் தொடங்கினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ள ஆண் கறுப்புச் சதுரம். நோயின் மரபணுவைச் சுமக்கும் பெண்ணுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அக்கா மகனைக் கறுப்பாக்கினார். பிறகு அம்மாவின் உடன்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். 1950களில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஒன்பது வயதில், ஆடிய பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் நாட்கணக்கில் ஒழுகி இறந்துபோனார். வீட்டில் அதைப் பற்றிப் பேசும்போது கண்ணேறு என்பார்கள். இன்னும் தாழ்ந்த குரலில், பாட்டியின் மாமியார் பாட்டியைப் 'பிள்ளையை விழுங்கியவள்' என்று கடைசிவரை சொன்னதையும் சொல்வார்கள். ஆலோசகர் எதுவும் சொல்லாமல் அந்தச் சதுரத்தையும் கறுப்பாக்கினார். இரண்டு கறுப்புச் சதுரங்களுக்கு இடையே பாட்டி, அம்மா, அக்கா மூவருக்கும் புள்ளி வைத்தார். மூவரிடமும் யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. வேறு வழியில் அந்தப் படம் வராது என்பதால் அவர்கள் உறுதியான கேரியர்கள். அக்கா மகளின் வட்டத்தில் கேள்விக்குறி: பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்னம்மாவின் வட்டத்திலும் அதே கேள்விக்குறி. சின்னம்மாவின் இரண்டு மகள்களுக்கும் நாலில் ஒன்று.

என்னைக் கடக்க அவருக்கு ஒரு நொடிதான் பிடித்தது. ஒரு சதுரம், உள்ளே வெறுமை. "இவருக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை." அந்தத் தாளை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்முடைய வம்சக் கணக்கு அப்பன் வழியில் ஓடுவது. பங்காளிகள் யார், கருமாதிக்குத் தலைமுடி எடுக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். அடையாள அட்டையிலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பா பெயர்தான் நிற்கும். அம்மா பெயரை எந்த அட்டையும் கேட்பதில்லை. அந்தத் தாளிலோ பங்காளிகள் ஒருவருக்கும் வேலையில்லை. வேறு வேறு வீடுகளுக்குக் கட்டிக்கொடுத்து, வேறு வேறு அப்பன் பெயர்களைத் தாங்கிய பிள்ளைகளைப் பெற்ற பெண்கள் மட்டும் ஒரே கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிதறடித்துவிட்ட ஒரு குடும்பத்தை அந்தப் பெண்மணி ஒரு பென்சிலால் மறுபடியும் கூட்டிவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் சொன்ன விஷயம். அக்கா மகனுக்கு என்ன மரபணு மாற்றம் என்பது அவன் சிறுவனாக இருந்தபோதே கண்டுபிடித்தாயிற்று. எட்டாம் காரணிக்கான எஃப்8 என்ற மரபணுவின் 22ஆவது இன்ட்ரான் என்னும் இடைப்பகுதியில் ஏற்படும் தலைகீழ்த் திருப்பம். கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் 100க்கு 40 முதல் 45 பேரிடம் இருப்பது இதுதான். அந்த இன்ட்ரானுக்குள் இருக்கும் ஒரு துண்டின் நகல்கள் அதே குரோமோசோமில், மரபணுவுக்கு வெகு தூரம் வெளியேயும் இருக்கின்றன. உள்ளே இருப்பது வெளியே இருக்கும் நகலோடு தவறாகக் கோத்துக்கொண்டால் மரபணு நடுவில் அறுந்து, ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. 1993இல் இதைக் கண்டார்கள். இதனால் இன்னொரு சங்கடமும் உண்டு: எழுத்துகள் அப்படியே இருந்து வரிசை மட்டும் புரண்டிருப்பதால், வழக்கமாக எழுத்தெழுத்தாகப் படிக்கும் பரிசோதனையில் இது கண்ணில் படாமல் போகலாம். இதற்கென்று தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். எச்சிலை நிரப்பித் தபாலில் அனுப்பும் குப்பிகளை நம்பி 'எனக்கு ஒன்றுமில்லை' என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். குடும்பத்தில் நோயுள்ள ஒருவரிடம் மாற்றம் இன்னதென்று முதலில் தெரிந்துவிட்டால், மற்றப் பெண்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அந்த வகையில் அக்கா மகளின் வேலை சுலபம், தம்பி தயவு.

"இது எப்படித் தொடங்கியிருக்கும்?" என்று அவள் கேட்டாள். ஆலோசகர் பென்சிலைக் கீழே வைத்தார். பெண்ணின் உடம்பில் முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பக்கம் பக்கமாக நின்று ஜோடி சேரும். ஆணின் உடம்பில் விந்தணு உருவாகும்போது அந்த ஒற்றை எக்ஸுக்கு முழு நீளத்துக்கும் ஜோடி இல்லை. ஜோடியில்லாத நுனி தன் மீதே மடங்கிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆகவே இந்தக் குறிப்பிட்ட திருப்பம் புதிதாக ஏற்படும்போது ஏறக்குறைய எப்போதும் ஆணின் விந்தணுவில்தான் ஏற்படுகிறது என்று 1990களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதாவது எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புள்ளி பெற்ற பெண், யாராக இருந்தாலும், அதைப் பெரும்பாலும் தன் அப்பாவிடமிருந்து பெற்றிருப்பாள். அந்த அப்பாவுக்கு நோய் இருந்திருக்காது. நன்றாக உண்டு, உழுது, சண்டை போட்டு, முழு ஆரோக்கியத்தோடு வாழ்ந்திருப்பார்.

பாட்டியின் அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். தள்ளாத வயதிலும் கோலில்லாமல் நடந்தவர். அவராக இருக்கலாம். அவருக்கு ஒரு தலைமுறை முந்திய யாரோவாகவும் இருக்கலாம். என்னைப் போல ஒரு வெற்றுச் சதுரம். பாட்டி எழுபது வருடம் சுமந்த பெயரை நினைத்துக்கொண்டேன். பிள்ளையை விழுங்கியவள்! அவள் மாமியாரிடம் இந்தத் தாளைக் காட்ட முடியாது. காட்டினாலும் அந்த அம்மாள் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று அந்த நாற்காலியில் இடம் மாறி உட்கார்ந்தது. அதுவரை, பெண்கள் வழியில் வந்த ஒரு துன்பத்துக்கு வெளியே நின்று உதவி செய்யும் நல்ல ஆணாக என்னை வைத்திருந்தேன். குடும்பத்தில் நோயில்லாத ஆண்கள் எல்லாருமே அப்படித்தான் வைத்திருந்தோம்.

பத்தாம் நாள்

ஆலோசகர் அடுத்துக் கேட்டது அக்கா மகளைப் பற்றி. மாதவிலக்கு எத்தனை நாள் நீடிக்கும், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, ரத்தக் கட்டிகள் வருகின்றனவா, மூக்கில் ரத்தம் வருமா, கடைவாய்ப் பல் எடுத்தபோது என்ன ஆயிற்று. தாய்மாமனை வைத்துக்கொண்டு பேசுகிறோமே என்று நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "உட்காருங்கள் மாமா" என்றாள். எட்டு நாள் நீடிக்கும் என்றாள். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே இரும்புச்சத்து மாத்திரை. இதை ஏன் எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லாருக்கும் அப்படித்தான்! பாட்டிக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு. மூன்று பேருடைய வட்டத்திலும் புள்ளி இருக்கிற வீட்டில் எது இயல்பு என்று யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? மிகுந்த ரத்தப்போக்கைப் பெண்ணாகப் பிறந்ததன் வாடகையாகக் கொடுத்துப் பழகிவிட்டார்கள்.

பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் கான்ராட் ஓட்டோ என்ற மருத்துவர் 1803இல் இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதியபோது, ஆண்களுக்கு மட்டுமே இது வரும், பெண்கள் தங்களுக்கு வராமலே மகன்களுக்குக் கொடுப்பார்கள் என்று எழுதினார். அந்தக் காலத்துக்கு அது கூர்மையான கவனிப்பு. பிறகு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, பெண்ணை வெறும் பாதையாகவே பார்த்துவிட்டார்கள். உண்மையில் பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைந்துவிடுகிறது. எது அணையும் என்பது பெரும்பாலும் தற்செயல். 1961இல் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. நல்ல எக்ஸ் அதிகமாக அணைந்துவிட்ட பெண்ணுக்கு எட்டாம் காரணி பாதிக்கும் வெகு கீழே இறங்கலாம். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவளுக்கே ஹீமோஃபீலியா என்று சொல்ல வேண்டும் என ரத்த உறைவுத் துறையின் அனைத்துலகச் சங்கம் 2021இல் வகைப்படுத்தியது. ஆகவே எங்களிடம் இரண்டு பரிசோதனைகளைச் சொன்னார்கள். மரபணு ஒன்று, காரணியின் அளவு ஒன்று. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. அளவு நன்றாக இருப்பதால் மரபணு இல்லை என்று ஆகிவிடாது. மரபணு இருப்பது தெரிந்தாலும் அளவைப் பார்க்காமல் அவள் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பெண் குழந்தைகளிடம் மரபணுவை அவர்கள் வளர்ந்து தாங்களே தீர்மானிக்கட்டும் என்று தள்ளிப்போடலாம். அளவைப் பூப்பெய்துவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அளவு நிலையாக இருப்பதும் இல்லை. பதற்றத்தில் ஏறும். ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்கு இயல்பிலேயே சற்றுக் குறைவு. கர்ப்பத்தில் எட்டாம் காரணி கூடிக்கொண்டே போகும். பிரசவ நாளில் கேரியர் ஒருத்தியின் அளவு சாதாரணமாகத் தெரியலாம். பிள்ளை பிறந்த பிறகு அடுத்த சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதைக் கேட்டபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. வீட்டுக்கு வந்து, பத்தியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்த பத்தாம் நாள், திடீரென்று ரத்தம் கொட்டத் தொடங்கியது. பிழைத்தது பெரிய காரியம். எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு ஒரு நிலையான விளக்கம் உண்டு: அம்மா யார் பேச்சையும் கேட்காமல் எழுந்து தண்ணீர் தூக்கினாள். அம்மாவும் அதை நம்பினாள். அக்காவின் பிரசவத்தின்போது, "என்னைப் போல் ஆகிவிடாதே, நாற்பது நாள் படுக்கையை விட்டு எழாதே" என்று காவல் இருந்தாள். அக்கா எழவில்லை; எனினும் அவளுக்கும் போனது. அன்றாவது அந்தத் தண்ணீர்க் குடத்தைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

பரிகாரம் இல்லாத தோஷம் என்றேனே, இல்லவே இல்லை. மாதவிலக்குக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. எட்டாம் காரணியைத் தற்காலிகமாக உயர்த்தும் டெஸ்மோபிரெசின், கேரியர்கள் பலருக்கு வேலை செய்யும். பல் பிடுங்கும் முன் சொல்லிவைக்கலாம். பிரசவத்துக்கு முன்பே மருத்துவர்கள் திட்டம் எழுதிவைப்பார்கள்: ஆண் குழந்தை என்றால் தலையில் வாக்குவம் என்ற உறிஞ்சுகருவியைப் பொருத்தி இழுக்கக் கூடாது, இடுக்கி கூடாது, தொப்புள்கொடி ரத்தத்தில் காரணியைச் சோதிக்க வேண்டும், முடிவு தெரியும்வரை தசையில் ஊசி போடக் கூடாது, வைட்டமின் கே வாய்வழி போகட்டும். அக்கா மகன் வாக்குவம் வைத்து இழுக்கப்பட்ட குழந்தை. தலையில் பெரிய வீக்கத்தோடு வந்தான். மூளைக்குள் கசியாமல் தப்பியது அவன் ஆயுள் கெட்டி.

கேட்டவர்களும் கேட்காதவனும்

பரிசோதனைச் செய்தி கசிந்ததும் ஆளுக்கு ஒரு கேள்வி வந்தது. சொந்தத்தில் கட்டியதால் வந்ததுதானே என்றார்கள். இல்லை. எங்கள் வீட்டில் யாரும் சொந்தத்தில் கட்டவில்லை. தாயின் எக்ஸில் வருவதற்குச் சொந்தம் தேவையுமில்லை. நோயுள்ள தாய்மாமன் தன் அக்கா மகளையே கட்டினால்தான் சிக்கல் இரட்டிப்பாகும், பெண் குழந்தைக்கே இரண்டு எக்ஸிலும் வரலாம். மூன்று தலைமுறையாக யாருக்கும் இல்லாவிட்டால் கவலையில்லை என்றார் ஒருவர். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இல்லாமல்தான் வருகிறது.

காப்புறுதி முகவர் இல்லாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் உண்டா? எங்கள் முகவர், "எதையும் எழுத்தில் வாங்காதே" என்று தொலைபேசியில் கிசுகிசுத்தார். 2021 அக்டோபர் 27 முதல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் சேர்ந்து நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டின்படி காப்புறுதி நிறுவனங்கள் மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. முன்கூட்டியே அறியும் பரிசோதனையின் முடிவை வைத்து விண்ணப்பத்தை எடைபோடவும் முடியாது. மிகப் பெரிய தொகைகளுக்கு ஹன்டிங்டன் போன்ற ஓரிரு நோய்களுக்கு மட்டும் விலக்கு. இருக்கும் அறிகுறியை உறுதிசெய்ய எடுக்கும் பரிசோதனைக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே முகவர் சொன்னதில் கால் பங்கு உண்மை. அந்தக் கால் பங்குக்காக ஒரு பெண் இரும்பு மாத்திரையோடு வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு வேலூர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, நல்ல பலன் கிடைத்ததாக 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் வந்த செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வெற்றிச் சங்கு ஊதியது. "மருந்தே வந்துவிட்டது, இனி டெஸ்ட் எதற்கு?" மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சை, எடுத்துக்கொண்டவரின் ரத்தத்தைத் திருத்துகிறது. அவர் விந்தணுவைத் தொடுவதில்லை. அவருக்குப் பிறக்கும் மகள்கள் ஒவ்வொருவரும் கேரியராகத்தான் பிறப்பார்கள்.

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது அக்கா மகன் பக்கத்து அறையில்தான் இருந்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சுவருக்கு எவ்வளவு கனம் என்று நமக்குத் தெரியும். ஒரு நாள் வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "அக்காவுக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு முழு உறுதி. என் மகள்கள் எல்லாருமே கேரியர். எனக்குப் பெண் பார்க்கும்போதும் இப்படி உட்கார்ந்து பேசுவீர்களா?" யாரும் பதில் சொல்லவில்லை. அவன் விடவில்லை. "என்னைப் போல் இன்னொருவன் பிறந்துவிடக் கூடாது, அதுதானே?"

அக்கா அழுதாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அவனுக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. டெஸ்ட் எடுக்கத்தான் வேண்டும் என்று அவனும் சொன்னான், காரணம் மட்டும் வேறு: "வருகிறவன் என்னைப் போல் இருந்தால், அவன் தலையை யாரும் வாக்குவம் வைத்து இழுக்காமல் இருக்கட்டும். முதல் நாளிலிருந்தே மருந்து கிடைக்கட்டும்." கருவிலேயே சோதித்துப் பார்ப்பது, செயற்கைக் கருத்தரிப்பில் கருவைத் தேர்ந்தெடுப்பது என்று மற்ற வழிகளும் இங்கே உண்டு. அவற்றைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

அக்கா மகள் பரிசோதனை எடுத்துக்கொண்டாள். முடிவை எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அனுமதித்தாள். மாப்பிள்ளையிடம் அவளே பேசினாள். என்ன பேசினார்கள் என்று அக்கா என்னைத் துருவினாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. கல்யாணம் தை மாதம்.

ஜோகூருக்குப் போன கடிதம்

ஆலோசகர் உறவினர்களிடம் கொடுப்பதற்கென்று ஒரு கடிதம் தந்திருந்தார். குடும்பத்தில் இன்ன மாற்றம் இருக்கிறது, நீங்கள் விரும்பினால் இதைக் காட்டிப் பரிசோதனை எடுத்துக்கொள்ளலாம் என்பதோடு முடிந்துவிடும். அதில் இருப்பது அக்கா மகனின் மருத்துவ விவரம் என்பதால் அவன் சம்மதம் வேண்டும். "என் பெயரைப் போட்டே கொடுங்கள்" என்று கையெழுத்திட்டான்.

சின்னம்மாவுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் கிள்ளானில், இளையவள் ஜோகூர் பாருவில். அக்கா பேசியபோது சின்னம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "என் வீட்டில் அந்த வியாதி இல்லை." அவர் பொய் சொல்லவில்லை. பெண்கள் மட்டுமே பிறந்த வீட்டில் அது வெளியே தெரிய வழியே இல்லை. இளையவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். ஆண் குழந்தை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அறிந்துகொள்ள மாட்டேன் என்பதற்கும் ஒருவருக்கு உரிமை உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னது சின்னம்மா. கர்ப்பமாக இருப்பவள் அவர் மகள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. அவளுக்காக அவள் அம்மா அறியாமல் இருக்க முடிவு செய்துவிட்டார். எனக்கு அது அக்காவின் 'முதலில் தாலி ஏறட்டும்' என்பதன் இன்னொரு பதிப்பாகவே பட்டது. நான் தங்கையை நேரடியாக அழைத்தேன்.

பயந்துவிடுவாளோ என்று சுற்றிவளைத்துத் தொடங்கினேன். அவள் இடைமறித்து, "அண்ணே, பெரியம்மா தம்பி விஷயம்தானே? அது எனக்கும் இருக்குமோ என்று கல்லூரி நாளிலிருந்தே யோசித்திருக்கிறேன். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்றாள். அவளுக்கும் எட்டு நாள்தானாம். காகிதம் எடுத்து வரச் சொன்னேன். கர்ப்பத்தில் காரணியின் அளவை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்பாதே, 22ஆவது இன்ட்ரான் திருப்பத்தைத் தேடச் சொல், முடிவு வருவதற்குள் வலி வந்துவிட்டால் கேரியராகவே வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்கச் சொல் என்றேன். அவள் எழுதிக்கொண்டே, "இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். "அப்பாடா" என்றாள்.

அன்றிரவே சின்னம்மா அழைத்தார். வாயும் வயிறுமாக இருப்பவளை இப்படியா கலங்கடிப்பாய், நீ எல்லாம் ஓர் அண்ணனா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மறுபடியும் செய்ய வேண்டியிருந்தால் செய்வேன். அங்குள்ள மருத்துவர் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார். வாக்குவம் வேண்டாம், தசையில் ஊசி வேண்டாம் என்று முகப்பிலேயே எழுதிவிட்டாராம்.

சின்னம்மா இன்னும் என்னிடம் பேசுவதில்லை. போன வாரம் அக்காவை அழைத்து, கிள்ளானில் இருக்கும் மூத்தவளுக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதை நான் அனுப்பக் கூடாதாம், அக்காதான் அனுப்ப வேண்டுமாம்.